உப்பு யானை

எங்கள் சதுரங்கப் பலகையில் ஒரு கட்டம் மட்டும் காயவே மாட்டேன் என்கிறது. மற்ற கட்டங்கள் எல்லாம் உலர்ந்து வெளுத்துக் கிடக்கும்போது, அது மட்டும் காலையில் கறுத்துப் போயிருக்கும். விரலை வைத்தால் பிசுபிசுக்கும். வெயில் ஏறினால் கொஞ்சம் வெளுக்கும், மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிடும். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை கூடையைத் தூக்கிப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தடவை முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போகிற ஆள் நான். என்னையே இப்படி ஆக்கிவிட்டுப் போய்விட்டார் அந்த மனுஷன்.

நான் நர்ஸ். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று யாரோடும் கதை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். ஓரமாக உப்பளத்துப் பக்கம் போய்விடுவேன். அங்கே ஒரு கொட்டகையில் மூன்று ஆண்கள் எனக்காகக் காத்திருப்பார்கள். இதை இப்படியே சொன்னால் கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஊரில் அப்படியேதான் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "போய்ட்டு வா, மத்தியானம் வரைக்கும் வூடு அமைதியா இருக்கும்" என்றார். பெரிய மனது அவருக்கு.

கொட்டகைக்குச் சொந்தக்காரர், அந்த உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். நல்ல மனுஷன், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. இன்னொருவர் கோட்டக்குப்பத்து பாய். பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து மொபைல் கடை வைத்திருக்கிறார். அங்கே ரூமில் தனியாகக் கிடந்த காலத்தில் போனில் செஸ் புதிர் போட்டே பொழுதைத் தள்ளியவர். மூன்றாமவர்தான் கண்டக்டர் அண்ணன். சர்வீஸ் முழுக்க இந்த ஈ.சி.ஆர். ரூட்டிலேயே டிக்கெட் கிழித்து ரிட்டயர் ஆனவர். நாங்கள் எல்லாம் எங்கேயாவது பார்த்த புதிரைக் கொண்டுவந்து வைப்போம். சொந்தமாகப் புதிர் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நாங்கள் ஆட்டம் ஆடுவதில்லை. ஆரம்பத்தில் ஆடிப் பார்த்தோம். உப்பளக்காரர் தோற்றால் அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். அதனால் புதிர் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். புதிரில் நாலு பேரும் ஒரே பக்கம். தோற்றால் எல்லோரும் சேர்ந்து தோற்கலாம், சண்டை வராது.

எங்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. பலகையில் கை வைக்கக் கூடாது. கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து, வாயால் சொல்லித்தான் விடை கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் கையை விரித்த பிறகுதான் பாய் போனை எடுக்கலாம். அடுத்த வாரத்துப் புதிரை யார் வைக்கிறாரோ அவர் மட்டும் கடைசியில் தங்கி, மற்றவர்கள் போன பிறகு காய்களை அடுக்கி, மேலே ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கல்லை வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த ஞாயிறு வரைக்கும் யாரும் திறந்து பார்க்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் திங்கள் முதல் சனி வரை கூடைக்குள்ளே என்ன இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே ஊசி போடுவதில் ஒரு சுகம் இருந்தது.

காய்கள் உப்பளக்காரர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து மரக் காய்கள். அதில், நேர்க்கோட்டில் ஓடுகிற யானைக் காய்களில் வெள்ளை ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. புதிதாக ஒரு செட் வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டு வெள்ளை யானையும் வேண்டும் என்றால், வெளியே குவித்து வைத்திருக்கும் உப்பிலிருந்து கொஞ்சம் சதுரமான கட்டியாகப் பொறுக்கி எடுத்து அந்த இடத்தில் வைப்போம். அதற்கு உப்பு யானை என்று பெயர். புதிர் முடிந்ததும் உப்பளக்காரர் அந்த யானையை எடுத்துத் தன் மோரில் போட்டுக் கலக்கிக் குடித்துவிடுவார். "இந்த வாரம் யான நல்ல ருசி" என்பார். அதனால் எங்களிடம் பழைய உப்பு யானை என்று ஒன்று இருந்ததே இல்லை.

மழைக்காலத்தில் நாங்கள் கூடுவதில்லை. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் பாத்திகள் மூழ்கிவிடும், வேலையாட்கள் கிளம்பிவிடுவார்கள், கொட்டகையைச் சாத்திவிடுவார்கள். திரும்பத் தை மாதம்தான். அந்த வருஷம் மழை தாமதித்தது. மேகம் மட்டும் கடல் பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ஞாயிறு பார்க்கலாம் என்று கூடினோம். கண்டக்டர் அண்ணனை நான் உயிரோடு பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

அன்று அவர் வந்ததே ஒரு தினுசாக இருந்தது. கண்ணில் ஒரு பளபளப்பு. உட்காரவில்லை. நாங்கள் அந்த வாரத்துப் புதிரில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவர் வாசலுக்கும் பலகைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"இன்னாண்ணே, எதுனா விசேஷமா?" என்றார் உப்பளக்காரர்.

"அடுத்த வாரம் என் முறைதானப்பா? காலையிலதான் ஒண்ணு பண்ணேன். சுடச்சுட இருக்குது. வெள்ள ஆடி மூணு மூவ்ல மேட். இந்த மாதிரி ஒண்ணு நான் பண்ணதே இல்ல."

"இப்பவே வைங்கண்ணே, பாத்துடலாம்" என்றார் பாய்.

"அடுத்த வாரம் வரைக்கும் தூங்காம கெடங்க. அதான் மஜா. போங்க, போங்க, எல்லாரும் எறங்கு. கடைசி ஸ்டாப்பிங்."

அவர் அப்படித்தான் பேசுவார். புதிரை அடுக்கி முடித்துவிட்டு "போலாம் ரைட்" என்று கத்துவார், வரப்பு வரைக்கும் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. நான் திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன். கொட்டகை வாசலில் நின்றுகொண்டு அவரும் கையசைத்தார். இத்தனையும் ஞாபகம் இருக்கிறது, வேண்டாம் என்றாலும் இருக்கிறது.

அந்த வாரத்து நடுவில் அவருக்குப் பேச்சுக் குழறியது. எழுந்து நின்றால் தள்ளாடினார். பிறகு வலிப்பு வந்தது. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் உப்பைக் குறை என்று சொன்னால் அடியோடு நிறுத்திவிடுகிற பிடிவாதக்காரர். ஏற்றிய மருந்து எதுவும் பலிக்கவில்லை. வார முடிவில் உடலாகத்தான் வீட்டுக்கு வந்தார். எடுக்கும்போது கொட்டோ கொட்டென்று மழை.

"உப்பு வெளயற ஊர்ல இருந்துக்கிட்டு, உப்பு இல்லாம செத்திருக்கான் பாரு" என்று பந்தலில் ஒருவர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளின் நாற்காலியை இழுத்துவிட்டிருப்பேன். பாய்தான் என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார்.

காரியத்தன்று அவர் மனைவி என்னைத் தனியாகப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை அவருக்கு. குயிலாப்பாளையம் வரை தினமும் பஸ். ஞாயிறுதான் லீவு. அந்த ஞாயிற்றைத்தான் நாங்கள் வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"சிஸ்டர், உங்களுக்குத் தெரியும். நீங்க படிச்சவங்க. அந்த உப்பு கொறயறது, முன்னாடி நாலஞ்சு நாளாவே கொறஞ்சிருக்குமா?"

"இருக்கலாம் அண்ணி."

"ஆஸ்பத்திரியில டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு. மூள கொழம்பிடும், சம்பந்தா சம்பந்தம் இல்லாம பேசுவாங்க, மனசுல வச்சுக்காதீங்கன்னாரு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கடைசி ஞாயித்துக்கெழம, இன்னிக்கு ஒரு நாள் வூட்ல இருங்களேன்னு கேட்டேன். அதுக்கு ஒண்ணு சொன்னாரு சிஸ்டர்."

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அந்தக் கொட்டகையில இருக்கிற நேரந்தான் நான் உசுரோட இருக்கிற நேரம், இங்க வந்து சும்மா படுத்துட்டுப் போறேன்னு சொன்னாரு. கோவமாக்கூட சொல்லல. சாதாரணமா சொன்னாரு. சொல்லிட்டு சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அவரு சொன்னது இல்ல. சீக்கு சொன்னது. அப்படித்தானே சிஸ்டர்?"

"அப்படித்தான் அண்ணி" என்றேன். அப்போது நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

தை பிறந்து பாத்திகளில் தண்ணீர் வடிந்த பிறகு கொட்டகையைத் திறந்தோம். பலகையின் மேல் கூடை அப்படியே இருந்தது, அதன்மேல் அவர் வைத்த கல்லும். உள்ளே கூரையெல்லாம் ஒழுகி, சுவரெல்லாம் பூசணம் பூத்திருந்தது. யார் கூடையை எடுப்பது என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் பாய் வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு எடுத்தார்.

காய்கள் நிற்கின்றன. ஈரத்தில் சாயம் போய், அடியில் பாசி பிடித்து, ஆனால் அவர் வைத்த இடத்தில் வைத்தபடி. செத்துப்போனவருடைய விரல் கடைசியாகத் தொட்ட இடம் அது. நாங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அன்றைக்கு முழுக்கப் பார்த்தோம். அடுத்த ஞாயிறும் பார்த்தோம். என்னால் நம்ப முடியவில்லை. முதல் நகர்வு அழகு. ராணியைச் சும்மா ஓர் ஓரத்தில் கொண்டு போய் நிறுத்த வேண்டும், செக் கூட இல்லை. கறுப்பு என்ன செய்தாலும் வலை இறுகுகிறது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்து, கடைசி நகர்வில் கறுப்பு ராஜா ஒரு பக்கமாக நழுவிப் போய்விடுகிறான். அந்தப் பக்கம் ஒரு வரிசை முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதைத் தடுக்க யாரும் இல்லை. நேற்றுச் செஸ் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக்கூடத் தெரிகிற ஓட்டை.

கடைசியில் பாய் போனில் போட்டுப் பார்த்தார். மூன்றில் மேட் இல்லை என்று அதுவும் சொல்லிவிட்டது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மூள அப்பவே போயிருக்குது" என்றார் உப்பளக்காரர்.

"சும்மா இருங்க. அன்னிக்கு எப்படி இருந்தாரு? நீங்களும்தானே பாத்தீங்க?"

"பாத்தேன் சிஸ்டர். ஆனா இதோ கெடக்குதே. இவ்ளோ பெரிய வாசலத் தொறந்து வச்சிட்டு மேட்டுன்றாரு."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை அழகாக ஒரு வலையைப் பின்னத் தெரிந்தவருக்கு இவ்வளவு பெரிய ஓட்டை தெரியாதா? அந்த மனுஷனைப் பைத்தியம் என்று முத்திரை குத்தி அனுப்ப எனக்கு மனமில்லை. பாய்க்கும் மனமில்லை. கலைக்காமல் வைத்திருப்போம், கண்டுபிடிப்போம் என்றோம்.

இதற்குள் உப்பளக்காரர் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அண்ணியைப் பார்த்து, கடைசிப் புதிர் தப்பு என்று உளறிவிட்டார். அவரைத் திட்டிவிட்டு நான் அண்ணி வீட்டுக்கு ஓடினேன், சமாதானம் சொல்லலாம் என்று. அங்கே அவர் முகம் தெளிந்திருந்தது. எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"பாத்தீங்களா சிஸ்டர், நான் சொன்னேன்ல? செஸ்லயே தப்புப் பண்ணியிருக்காருன்னா புத்தி எங்க இருந்திருக்கும்? அவரு செஸ்ல தப்புப் பண்ணுவாரா? அந்த மனுஷன் வேற எதுல வேணா தப்புப் பண்ணுவாரு. இப்பத்தான் நான் ராத்திரி தூங்கறேன்."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தப்பின் மேலேதான் அவர் படுத்துத் தூங்குகிறார் என்பது எனக்குப் புரிந்தது. நான் அதை அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் புதிர் என்னை விடவில்லை. தடுப்பூசி போடுகிற நாளில் வரிசையாக நிற்கும் தாய்மார்களுக்கு நடுவே எந்த வழியாக ராஜா ஓடுவான் என்று கண் தேடும். வார்டு தரையின் கறுப்பு வெள்ளைக் கல்லில் ராணியை நகர்த்திப் பார்ப்பேன். ரோட்டில் ஏதாவது பஸ்ஸிலிருந்து "போலாம் ரைட்" என்று சத்தம் வந்தால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிடுவேன். அது வேறு கண்டக்டர் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஜன்னல் வரை போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஈரக் கட்டத்தைக் கவனித்தோம். மாசி வெயிலில் கொட்டகை முழுக்கக் காய்ந்துவிட்டது. பலகையில் அந்த ஓரத்துக் கட்டம் மட்டும் கறுத்து, பிசுபிசுத்து, மரம் ஊறிக் கொஞ்சம் எழும்பியிருந்தது. துணியால் ஒற்றி எடுத்தோம். அடுத்த ஞாயிறு மறுபடியும் ஈரம்.

"கூரை ஒழுகுதா?" என்றேன்.

"மழையே இல்ல, எங்கேந்து ஒழுகும்?" உப்பளக்காரர் மேலே பார்த்தார், பிறகு சிரிக்கப் பார்த்தார். "அண்ணன் விடியக்காலம் வந்து ஒக்காந்து யோசிச்சிட்டுப் போறாரு. வேர்வ சொட்டுது."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவருக்கே முகம் மாறிவிட்டது. அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டோம். பாய் அவசரமாகக் கூடையைக் கவிழ்த்துக் கல்லை வைத்தார். வரப்பில் நடக்கும்போது மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

விடை கிடைத்தது அதற்கு அடுத்த ஞாயிறு. நாங்கள் வழக்கம்போல மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே, போன வருஷம் உப்பைக் குவித்து வைத்திருந்த இடத்தில் ஒரு வேலைக்காரம்மா தார்ப்பாயை விரிக்கப் போனார். கீழே தரை இன்னும் ஈரமாக இருக்கிறது, காய்ந்த பிறகு விரிக்கிறேன் என்று குரல் கொடுத்தார்.

"அது காயுமா? உப்பு நின்ன எடம்மா அது, என்னிக்கிக் காயப்போவுது? அப்படியே..." என்று கத்திக்கொண்டிருந்த உப்பளக்காரர் பாதியில் நிறுத்தினார்.

நானும் பாயும் அவரைப் பார்த்தோம். அவர் பலகையைப் பார்த்தார்.

உப்பு ஊறிய தரை காயாது. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். இங்கே பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பிலேயே கிடந்து கிடந்து எங்கள் கண்ணுக்கு உப்பே தெரியாமல் போய்விட்டது. மழையில் நாங்கள் கூடுவதில்லை என்பதால் ஓர் உப்பு யானை மழைக்காலத்தைப் பார்த்ததும் இல்லை. அந்த வருஷத்து மழை முழுக்கக் கூடைக்குள்ளே தனியாக நின்று, கரைந்து, மரத்துக்குள் இறங்கிவிட்டது அது.

உப்பளக்காரர் வெளியே ஓடினார். மூச்சு வாங்க ஒரு கட்டியைக் கொண்டுவந்து பாயிடம் கொடுத்தார். பாய் அதை ஈரக் கட்டத்தில் வைத்தார். ராஜா தப்பித்து ஓடுகிற அதே வரிசையின் கோடியில் அது நின்றது. யானை பார்க்கிற வரிசையில் ராஜா கால் வைக்க முடியாது, வரிசை அடைபட்டது. ராணி ஓரத்துக்குப் போகிறது, கறுப்பு எதையாவது செய்கிறது, வலை இறுகுகிறது, ராஜாவுக்குப் போக இடமில்லை. மேட். எந்த வழியில் போனாலும் மேட். அந்த யானை முதலிலிருந்து கடைசி வரை ஓரடி கூட நகரவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் எதுவுமே இல்லை.

பாய் போனில் போட்டார். மூன்றில் மேட் என்று வந்தது. உப்பளக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு அழுதார். "அண்ணே, கத்தி மாதிரி இருந்திருக்குதுண்ணே உன் புத்தி. உன்னப் போயி நான்..." என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்க சிஸ்டர், அண்ணி வூட்டுக்குப் போவலாம். இப்பவே சொல்லணும்."

"எங்கயும் போக வேணாம், ஒக்காருங்க."

"ஏன்?"

பின்கட்டில் அண்ணி என்னிடம் சொன்னதை அவர்களிடம் சொன்னேன். கொட்டகையில் இருக்கிற நேரம்தான் உயிரோடு இருக்கிற நேரம் என்று அவர் சொன்னதை. அன்றைக்குக் காலையில்தான் சொன்னார் என்பதை. அதே காலையில்தான் இந்தப் புதிரையும் செய்தார் என்பதை.

உப்பளக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"புதிர் சரியா இருந்தா, புத்தியும் சரியா இருந்துச்சுன்னு அர்த்தமா சிஸ்டர்?" என்றார் பாய்.

"தெரியல பாய். ஒரு நேரம் தெளிவா இருக்கும், ஒரு நேரம் கொழம்பும், அப்படியும் உண்டு. எனக்கு நிஜமாவே தெரியல. ஆனா அண்ணி அப்படி எடுத்துக்க மாட்டாங்க, அந்தப் பேச்சும் தெளிஞ்ச புத்தியில சொன்னதுதான்னு நெனைப்பாங்க."

"அப்போ அண்ணன் பேரு? ஊரெல்லாம் மூள கொழம்பினவன்னு சொல்லிட்டு இருக்குது. இவ்ளோ பெரிய வேல பண்ணிட்டுப் போயிருக்காரு, வெளிய சொல்லக் கூடாதா?" உப்பளக்காரர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"சொல்லிக்குங்க. சொல்லிட்டு அந்தம்மா மூஞ்சியையும் நீங்களே பாத்துக்குங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாய் மட்டும், "நானாப் போயி சொல்ல மாட்டேன் சிஸ்டர். ஆனா என் மூஞ்சியப் பாத்துக் கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அண்ணி கேட்க மாட்டார் என்றேன். பலகையைக் கலைக்க மனம் வரவில்லை. உப்பு யானையையும் அப்படியே நிற்க வைத்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்தோம்.

எனக்கு அந்த வாரம் முழுக்கக் கண்டக்டர் அண்ணன்மேல் கோபம். நகராமல் நிற்கிற ஒன்றை வைத்துத்தான் முழுப் புதிரையும் கட்டியிருக்கிறார். அதன் அருமை பலகையில் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வீட்டில் தெரியவில்லையா? இல்லை, தெரிந்துதான் இப்படி ஒன்றைச் செய்தாரா, திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தாரா? கேட்டால் பதில் சொல்கிற இடத்தில் அவர் இல்லை. குளிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். செத்தவரோடு இப்படி மல்லுக்கட்டினதில்லை நான்.

அடுத்த ஞாயிறு கூடையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். உப்பளக்காரர் கையில் மோர். வரப்பில் யாரோ குடை பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, அண்ணி.

இத்தனை வருஷத்தில் அவர் அங்கே வந்ததே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார், கோயிலுக்குள் வருகிற மாதிரி.

"வாங்க அண்ணி" என்று எழுந்தோம்.

"ஒக்காருங்க, ஒக்காருங்க. ஒண்ணுமில்ல. அவரு உசுரோட இருந்த எடம் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சுற்றிலும் பார்த்தார். ஓலையை, பூசணம் பிடித்த சுவரை, அண்ணன் உட்காருகிற ஸ்டூலை. ஸ்டூலின்மேல் கையை வைத்து, எடுத்துக்கொண்டார். பிறகு பலகைக்குக் கிட்டே வந்தார்.

"இதுதானா அது?"

"ஆமா அண்ணி."

பாயைப் பார்த்தார். "பாய், நீங்கதான் போன்ல போட்டுப் பாத்தீங்களாமே. தப்புன்னுதான் வந்துச்சா?"

நான் பாயைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொள்வது மட்டும் கேட்டது.

"ஆமா அண்ணி. அன்னிக்கு நான் போட்டப்போ தப்புன்னுதான் வந்துச்சு" என்றார். அதில் ஒரு சொல் பொய் இல்லை.

அண்ணி பலகைமேல் குனிந்தார். "இது இன்னா, காய்ங்களோட ஒரு உப்புக்கல்லு?"

  நான் வாயைத் திறப்பதற்குள் உப்பளக்காரர் கையை நீட்டினார். பலகையில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டதே அவர்தான். உப்பு யானையை எடுத்தார். "அதுவா? மோருக்குப் போட எடுத்தாந்தேன் அண்ணி, மறந்துபோயி இங்க வச்சிட்டேன்" என்று சொல்லி, அதைத் தன் மோரில் போட்டார். டம்ளரைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினார். அண்ணனின் பெயரைக் காப்பாற்றியே தீருவேன் என்று போன வாரம் என்னிடம் சண்டைக்கு வந்த மனுஷன்.

யானை போன கட்டத்தில் ஈரம் கறுப்பாகத் தெரிந்தது. நானும் கையை நீட்டி, கறுப்பு ராஜாவைப் பிடித்தேன்.

"பாருங்க அண்ணி. இவன மடக்கணும். எல்லா வழியையும் அண்ணன் அடச்சிட்டாரு. இந்தப் பக்கம் மட்டும் விட்டுட்டாரு. இப்படியே போயிடறான் பாருங்க." ராஜாவை அந்தத் திறந்த வரிசையில் நகர்த்திக் காட்டினேன்.

அண்ணி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் தோள் தளர்ந்தது. கண்ணில் நீரோடு சிரித்தார்.

"ஆமா, தொறந்துதானே கெடக்குது. எனக்கே தெரியுதே. இது அவருக்குத் தெரியலயே, பாவம்."

சொல்லிவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி பலகையின் ஓரத்தைத் தடவினார். சாப்பிட வாங்க ஒரு நாள், மூணு பேரும், என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, வரப்பில் இறங்கி நடந்தார். ரோட்டுக்குப் போய்ச் சேரும் வரை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பாய் காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்து, "மாஃப் பண்ணிடுங்கண்ணே, மன்னிச்சிடுங்க" என்றார்.

உப்பளக்காரர் டம்ளரை வாயில் வைத்து, மூச்சுவிடாமல், முழுக்கக் குடித்தார். கீழே வைக்கும்போது முகமெல்லாம் சுருங்கியிருந்தது.

"ரொம்பக் கரிக்குது சிஸ்டர்" என்றார்.